நாய்க்குட்டி வாங்க உள்கடன் கேட்டாங்க



வேலம்பாளையத்தில் ஒரு குழுவின் மாதக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, வட்டி எல்லாம் வசூலாகி, உள்கடன் கேட்பவர்கள் யார் யார் என்று ஊக்குநர் எழுத ஆரம்பித்தார். ஒருவர் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் என்றார். ஒருவர் தையல் மிஷின் மோட்டார் மாற்ற என்றார். மூன்றாவதாக ஒரு சகோதரி கொஞ்சம் தயங்கி, "எனக்கு ஒரு பத்தாயிரம் வேணுமுங்க. லேபர் நாய்க்குட்டி ஒண்ணு வாங்கோணும்"னு சொன்னாங்க. கூட்டமே சிரிச்சுருச்சு.

அவர் சொன்னது லேப்ரடார் என்ற நாயை. அவர் சிரிக்கவில்லை. காரணத்தைச் சொன்னதும் மற்றவர்களும் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அவருக்கு இரண்டு பெண் பிள்ளைகள், பெரியவளுக்கு பன்னிரண்டு வயசு, சின்னவளுக்கு ஒன்பது. இவர் பனியன் கம்பெனியில் செக்கிங். ஷிப்மெண்ட் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் பார்த்தால் வீடு வர ராத்திரி பத்து மணிக்கு மேல் ஆகும். வீட்டுக்காரர் லாரிக்குப் போகிறவர், வாரத்தில் இரண்டு நாள்தான் வீட்டில். லைன் வீட்டில் பக்கத்து அறைக்காரர்கள் மாதத்துக்கு ஒருமுறை மாறிக்கொண்டே இருக்கிறார்கள். "புள்ளைங்க கதவச் சாத்திட்டு டிவியப் பாத்துட்டு உக்காந்திருக்குதுங்க. ஒரு நாயாவது இருந்தா எனக்கு தைரியமுங்க."

சங்கத்தில் நாய் வாங்கக் கடன் கொடுக்கலாமா என்று எங்களைக் கேட்டார்கள். ஆடு வாங்கக் கொடுக்கிறோம், மாடு வாங்கக் கொடுக்கிறோம். நாய்க்கு? அன்றைக்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை. மற்ற குழுக்களில் விசாரித்தோம், கால்நடை மருத்துவரிடம் கேட்டோம். நம் உறுப்பினர்கள் வீடுகளில் நாய், பூனை வளர்ப்பவர்கள் நாம் நினைத்ததைவிட அதிகம். அதனால் இந்த மாதப் பாடமாக இதையே எழுதுகிறோம். படிக்கத் தெரிந்தவர்கள் கூட்டத்தில் மற்றவர்களுக்குப் படித்துக் காட்டவும்.

முதலில் கணக்கு

அந்தக் குழுவின் ஊக்குநர் கெட்டிக்காரர். தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, எல்லோரையும் கேட்டுக் கேட்டு எழுதினார். குட்டி பத்தாயிரம். அது பெரிய நாயாகும், ஒரு ஆள் சாப்பாட்டுக்கு மேல் சாப்பிடும். அரிசி, முட்டை, கறிக்கடையில் வாங்கும் கோழிக் கழிவு, ஊசி, மருந்து எல்லாம் சேர்த்து மாதம் 2,500 என்று வைத்தார்கள். வருஷத்துக்கு 30,000. நாய் எத்தனை வருஷம் இருக்கும் என்றால் பத்து வருஷத்துக்குக் குறையாது. அப்படியானால் மூன்று லட்சம். குட்டியின் விலை மட்டுமே செலவு என்று நினைத்த சகோதரி வாயடைத்துப் போனார்.

"ஆடு வாங்குனா குட்டி போட்டுக் கடனக் கட்டிப்போடும். இது கடனத் திங்குமுங்க"ன்னு ஒரு பாட்டியம்மா சொன்னாங்க. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஆனால் வருமானம் தராத எதற்கும் செலவு செய்யக் கூடாது என்று நாங்கள் சொல்ல மாட்டோம். திருவிழாவுக்குக் கடன் வாங்குகிறோம், காது குத்துக்குக் கடன் வாங்குகிறோம். பிள்ளைகளின் மனசுக்கு ஒரு துணை வேண்டும் என்பதும் நியாயமான ஆசைதான். செலவு தெரிந்து ஆசைப்பட வேண்டும், அவ்வளவுதான்.

பணத்தை விடப் பெரிய கேள்வி நேரம். நம் வீடுகளில் காலை எட்டரைக்குக் கம்பெனி வேன் வரும். அதற்குள் தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைக் கிளப்ப வேண்டும். இதில் நாயை வெளியே கூட்டிப் போவது யார், ராத்திரி அதற்குச் சோறு வைப்பது யார்? "புள்ளைங்க பாத்துக்கும்" என்று எல்லா வீட்டிலும் சொல்கிறார்கள். இரண்டு மாசம் பார்ப்பார்கள். அப்புறம் அந்த வேலை யார் தலையில் விழும் என்று உங்களுக்கு நாங்கள் சொல்லவா வேண்டும்?

அடுத்தது வீட்டு ஓனர். லைன் வீட்டில் இருப்பவர்கள் குட்டியைத் தூக்கி வருவதற்கு முன்னால் ஓனரிடமும், இரண்டு பக்கத்து அறைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். திருப்பூரில் ஆர்டர் குறைந்தால் கம்பெனி மாறுகிறோம், கம்பெனி மாறினால் வீடு மாறுகிறோம். தீபாவளிக்குக் கம்பெனி கணக்கு முடித்து, திண்டுக்கல்லோ தேனியோ சொந்த ஊருக்குப் போய்விடுகிற குடும்பங்கள் எத்தனையோ. அந்தச் சமயத்தில் தெருவில் விடப்படும் நாய்களை நாங்கள் ஒவ்வொரு வருஷமும் பார்க்கிறோம். பூட்டிய கதவுக்கு முன்னால் நாலைந்து நாள் படுத்துக் கிடக்கும். பிறகு குப்பைமேட்டுக்குப் போய்விடும்.

அதற்குப் பிறகு நடப்பதும் நம் தலையில்தான் விழுகிறது. காங்கேயம், வெள்ளகோவில், தாராபுரம் பக்கம் நாய்கள் கூட்டமாகப் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் குதறுவதும், செத்த ஆடுகளைப் போட்டு விவசாயிகள் இழப்பீடு கேட்டு 2024, 2025 ஆண்டுகளில் போராடியதும் உங்களுக்குத் தெரியும். அந்த ஆடுகளில் சங்கக் கடனில் வாங்கிய ஆடும் இருக்கும். தெருவில் திரியும் எல்லா நாயும் தெருவிலேயே பிறந்தது கிடையாது. யாரோ ஒரு வீட்டில் பால் ஊற்றி வளர்த்து, பிறகு வேண்டாம் என்று விட்டவையும் அதில் உண்டு. மிருகவதைத் தடுப்புச் சட்டம் 1960-இன்படி, வளர்த்த பிராணியை நியாயமான காரணம் இல்லாமல் பசி தாகத்தில் வாடும்படி கைவிடுவது குற்றம். நாளெல்லாம் குட்டைச் சங்கிலியில் கட்டிப் போடுவதும் அதே சட்டப்படி குற்றம்தான்.

எந்த நாய்?

2003-ஆம் ஆண்டு வாக்கில் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் ஒரு சின்னப் பையன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே ஓடும் குட்டை மூக்கு நாயைப் பார்த்திருப்பீர்கள். பக் என்ற ஜாதி. அதைப் பார்த்து நாடு முழுக்க ஆசைப்பட்டு வாங்கினார்கள். மூக்கு உள்ளே அழுந்தி இருப்பதால் அதற்கு மூச்சு விடுவதே சிரமம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் உடம்புச் சூட்டைத் தணிக்கும். மூச்சே சரியாக விட முடியாத நாயை சித்திரை மாசம் சிமெண்ட் ஷீட் போட்ட அறையில் அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். சடை வைத்த பொமரேனியனும், உள்முடி அடர்ந்த லேப்ரடாரும் நம்ம ஊர் வெயிலில் படும் பாடும் கொஞ்சம் அல்ல. காற்றோட்டமும் நிழலும் உள்ள பெரிய வீடு என்றால் சமாளிக்கலாம்.

நம் நாட்டு ஜாதி நாய்கள் உண்டே என்பீர்கள். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை எல்லாம் தமிழ்நாட்டின் பெருமை. 2005 ஜனவரியில் இந்தியத் தபால் துறை நாய்களுக்காக நாலு தபால்தலை வெளியிட்டபோது அதில் ஒன்று ராஜபாளையம். ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சிப்பிப்பாறை முயல் துரத்த வளர்த்த நாய், அது ஓட வேண்டும். பத்துக்குப் பத்து அறையில் கட்டிப் போட்டால் அதற்கும் நிம்மதி இருக்காது, உங்களுக்கும் இருக்காது. ராஜபாளையத்தில் பிறவியிலேயே காது கேட்காத குட்டிகள் உண்டு. வாங்குவதாக இருந்தால் பின்னால் நின்று கை தட்டிப் பாருங்கள். தோட்டம், தோப்பு உள்ளவர்களுக்கு இவை அருமையான நாய்கள். லைன் வீட்டுக்கு வேண்டாம்.

எங்கள் யோசனை நம்ம தெரு நாட்டு நாய்தான். இந்த வெயிலுக்கும் மழைக்கும் பழகிய உடம்பு. சோறு போட்டால் தின்னும். முடி குட்டையாக இருப்பதால் உண்ணி பிடித்தாலும் கண்ணில் படும். விலை கிடையாது. "தெரு நாயா?" என்று முகம் சுளிக்க வேண்டாம். நாயின் விசுவாசத்தைக் கல்லிலேயே வெட்டி வைத்த ஊர் நம் ஊர். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஏழாம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தது. மாட்டு மந்தையைக் காக்கும் சண்டையில் செத்த வீரனோடு, அவன் விழுந்த பிறகும் கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்ற அவன் நாயையும் செதுக்கி, அதன் பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். கோவிவன் என்று பெயர். ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்கு மேலாக ஒரு நாயின் பெயர் நிற்கிறது!

குட்டியை எப்படிப் பார்த்து எடுப்பது? எட்டு வாரம் ஆகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரிக்க வேண்டாம். கண், மூக்கில் சீழ் ஒழுகாமல், வயிறு பானை மாதிரி உப்பாமல் இருக்க வேண்டும். உப்பியிருந்தால் பெரும்பாலும் வயிற்றுப் பூச்சிதான். நீங்கள் குந்தி உட்கார்ந்தால் பக்கத்தில் வந்து மோந்து பார்க்கிற குட்டியை எடுங்கள். மூலையில் ஒடுங்கிக் கிடப்பதும், மற்ற குட்டிகளை ஓயாமல் கடித்து விரட்டுவதும் பிள்ளைகள் உள்ள வீட்டுக்குச் சரிப்படாது.

இன்னொரு விஷயம். எல்லோரும் கடுவன் குட்டியைத்தான் கேட்கிறார்கள். பொட்டைக் குட்டிகளைச் சாக்குப் பையில் கட்டி வாய்க்கால் ஓரம் போட்டுவிட்டுப் போவதை நாங்களே பார்த்திருக்கிறோம். பெண் குழந்தைகளுக்காக எத்தனையோ கூட்டம் போட்ட நம் சங்கங்களுக்கு இதைப் பற்றி நீட்டி எழுதத் தேவையில்லை. பொட்டை நாய் வீட்டோடு ஒட்டுதலாக இருக்கும், அதிகம் ஊர் சுற்றாது, காவலுக்கும் குறைவில்லை. குட்டி போடும் என்பதுதான் பயம். வருஷத்துக்கு இரண்டு முறை பருவத்துக்கு வரும், சினையானால் சுமார் 63 நாளில் நாலு, ஐந்து, ஆறு என்று போடும். ஆறு மாசம் ஆன பிறகு மருத்துவரிடம் காட்டிக் கருத்தடை ஆபரேஷன் செய்துவிட்டால் அந்தப் பயமும் போச்சு. கடுவனுக்கும் செய்யலாம், ஊர் சுற்றுவதும் சண்டை போடுவதும் குறையும். தெருவில் காதில் சின்னதாக வெட்டு உள்ள நாய்களைப் பார்த்திருப்பீர்கள். ஆபரேஷன் முடிந்த தெரு நாய்க்கு அதுதான் அடையாளம்.

நாய் வேண்டாம், பூனை போதும் என்பவர்களுக்கு: ஒற்றை அறை வீட்டுக்குப் பூனை சௌகரியம், செலவும் குறைவு. அதற்கும் வெறிநோய் ஊசி உண்டு. கிளி வளர்க்க ஆசைப்படுபவர்கள் கவனிக்கவும். நம்ம ஊர் பச்சைக்கிளியைக் கூண்டில் வைப்பது வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நட்சத்திர ஆமையும் அப்படித்தான், அதிர்ஷ்டம் என்று யாராவது விற்க வந்தால் வாங்கி மாட்டிக்கொள்ளாதீர்கள்.

ஊசி விஷயம்: இதை இரண்டு தடவை படிக்கவும்

இந்தப் பாடத்தை எழுதியதே இந்தப் பகுதிக்காகத்தான் என்று சொல்லலாம்.

வேறொரு குழுவில் நடந்தது. பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். பையனுக்கு எட்டு வயசு. தெருவில் கிடந்த குட்டியை எடுத்து வந்து விளையாடியிருக்கிறான். குட்டி விளையாட்டாகக் கையைக் கவ்வியதில் பல் பட்டு லேசாக ரத்தம் வந்திருக்கிறது. அம்மா திட்டுவார், குட்டியைத் தூக்கி எறிந்துவிடுவார் என்று அவன் சொல்லவே இல்லை. நாலாம் நாள் அந்தக் குட்டி சோறு தின்னாமல், வாயில் எச்சில் ஒழுகி, இருட்டு மூலையில் போய்ச் செத்துக் கிடந்தது. அப்போதுதான் பையன் அழுதுகொண்டே கையைக் காட்டினான். அந்த அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். காயத்தைச் சுற்றிப் போடும் ஊசியும் தடுப்பூசியும் போட்டார்கள். பையன் இன்றைக்கு நன்றாக இருக்கிறான். ஆனால் அந்த அம்மா ராத்திரி அவன் தண்ணீர் குடிக்கிறானா என்று பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்த நாட்களை எங்களிடம் சொல்லும்போது குரல் நடுங்கியது.

வெறிநோய் என்கிற ரேபிஸ் அறிகுறி தெரிந்துவிட்டால் அதன் பிறகு காப்பாற்ற மருந்து இல்லை. ஆனால் அறிகுறி வருவதற்கு முன்னால் சரியாக ஊசி போட்டால் வராமல் தடுத்துவிடலாம். கடித்த பிறகு நோய் வெளியே தெரியப் பெரும்பாலும் இரண்டு மூன்று மாசம் ஆகும். சிலருக்கு ஒரு வாரத்திலும் வரலாம், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகலாம். "கடிச்சு ஒரு மாசமாச்சு, ஒண்ணும் ஆகலியே" என்று விட்டுவிடுவது அதனால்தான் ஆபத்து. தமிழ்நாட்டில் 2024-ஆம் ஆண்டில் மட்டும் நாய்க்கடிக்கு ஆளானவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல், ரேபிஸில் இறந்தவர்கள் 40 பேருக்கும் மேல். தடுக்கக்கூடிய சாவு அத்தனையும்.

கடித்தாலோ, பல் பட்டுக் கீறினாலோ, நகத்தால் பிராண்டினாலோ, புண் இருக்கும் இடத்தில் நக்கினாலோ உடனே குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவ வேண்டும். துணி துவைக்கும் சோப்பானாலும் பரவாயில்லை. 15 நிமிஷம் என்பது நீளமான நேரம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். கிருமியின் பெரும் பகுதி அதிலேயே போய்விடும். மிளகாய்ப்பொடி, சுண்ணாம்பு, மண்ணெண்ணெய், காப்பித்தூள் எதையும் வைக்க வேண்டாம். கட்டுப் போட வேண்டாம். மந்திரித்துக் கயிறு கட்டுவது உங்கள் நம்பிக்கை என்றால் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து கட்டிக்கொள்ளுங்கள், நாங்கள் சண்டைக்கு வரவில்லை.

பிறகு நேராக ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனை. ஊசி இலவசம். முதல் நாள், அதிலிருந்து 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள் என்று நாலு தடவை கையில் தோலுக்குள் போடுவார்கள். ரத்தம் வந்த காயம் என்றால், காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் முதல் நாளே தேவை. அதை நீங்களே கேளுங்கள். "தொப்புளைச் சுத்தி பதினாலு ஊசி" என்று இன்னமும் பயந்துகொண்டு போகாமல் இருப்பவர்கள் உண்டு. அது ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த பழைய மருந்து. 2005-க்குப் பிறகு நம் நாட்டில் அது கிடையாது.

மருந்து எங்கோ வெளிநாட்டிலிருந்து வருவது என்று நினைக்காதீர்கள். நமக்கு மேலே தெரிகிற நீலகிரியில், குன்னூரில், பாஸ்டர் இன்ஸ்டிடியூட் 1907-இல் தொடங்கியது இந்த நோய்க்காகத்தான். 1902-இல் ஒரு வெள்ளைக்காரப் பெண் வெறிநாய் கடித்து, பக்கத்தில் வைத்தியம் இல்லாமல் இறந்தார். தென்னிந்தியாவுக்கு இப்படி ஒரு இடம் வேண்டும் என்ற பேச்சு வலுத்தது அதன் பிறகே.

நாலு ஊசியில் எங்கே தவறுகிறது தெரியுமா? முதல் இரண்டு ஊசிக்குப் பயத்தில் போய்விடுகிறோம். காயம் ஆறிப்போகும். ஏழாம் நாள் ஷிப்மெண்ட் அவசரம் வரும். பீஸ் ரேட்டில் தைப்பவர் ஒரு நாள் போகாவிட்டால் அன்றைய கூலி போச்சு, லீவு கேட்டால் சூப்பர்வைசர் முகம் கொடுக்க மாட்டார். 28-ஆம் நாள் யாருக்கும் நினைவிருப்பதில்லை. நாங்கள் விசாரித்தவரை, ஊசியை நிறுத்தியவர்கள் சொன்ன காரணம் அறியாமை இல்லை, கூலிதான். இதற்குச் சங்கத்தில் என்ன செய்யலாம் என்று நீங்கள் பேச வேண்டும். வேலம்பாளையம் குழு என்ன செய்தது என்று கீழே எழுதியிருக்கிறோம்.

கடித்தது வீட்டு நாயாக இருந்தால் அதை அடித்துக் கொல்லக் கூடாது. ஊசியைத் தொடங்கிவிட்டு, நாயைப் பத்திரமாகக் கட்டி 10 நாள் கவனிக்க வேண்டும். பத்து நாள் கழித்தும் நாய் நன்றாக இருந்தால், கடித்தபோது அதற்கு வெறிநோய்க் கிருமி எச்சிலில் இல்லை என்று அர்த்தம். மீதி ஊசி வேண்டுமா என்பதை டாக்டர் சொல்வார். நாமாக நிறுத்தக் கூடாது.

எல்லாவற்றுக்கும் முன்னால், பிள்ளைகளிடம் ஒன்று சொல்லி வையுங்கள்: நாய் கடித்தாலோ பிராண்டினாலோ அம்மாவிடம் சொன்னால் அடி விழாது. கடிபடுபவர்களில் பிள்ளைகள் அதிகம், மறைப்பவர்களிலும் பிள்ளைகள்தான் அதிகம்.

நாய்க்குப் போடும் ஊசி: மூன்று மாசம் ஆனதும் வெறிநோய்த் தடுப்பூசி, மருத்துவர் சொன்னபடி மறு ஊசி, அதன் பிறகு வருஷம் தவறாமல் ஒன்று. அதற்கு முன்னால் ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ போன்ற நோய்களுக்கான ஊசி ஒன்று உண்டு. ரத்தமாகக் கழிந்து இரண்டு மூன்று நாளில் குட்டிகள் செத்துப் போவது பெரும்பாலும் அந்தப் பார்வோவால்தான். ஜூலை 6, செப்டம்பர் 28 ஆகிய நாட்களை ஒட்டி அரசு கால்நடை மருந்தகங்களில் வெறிநோய் ஊசி இலவச முகாம் நடத்துவது வழக்கம். முன்கூட்டியே விசாரித்து வையுங்கள். மாநகராட்சி எல்லைக்குள் இருப்பவர்கள் நாய்க்கு உரிமம் எடுப்பது பற்றியும் வார்டு அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளவும்.

தினப்படி பராமரிப்பு

குட்டிக்கு மூன்று மாசம் வரை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பூச்சி மருந்து, ஆறு மாசம் வரை மாதம் ஒருமுறை, பிறகு மூன்று மாசத்துக்கு ஒருமுறை. நாய்ப் பூச்சி பிள்ளைகள் வயிற்றுக்கும் வரும். நாயைத் தொட்டுவிட்டு அப்படியே முறுக்கு எடுத்துத் தின்னக் கூடாது.

ரேஷன் அரிசிச் சோறு போதும், ஆனால் வெறும் சோறு மட்டும் போதாது. முட்டையோ, வேகவைத்த கோழிக் கழிவோ, பருப்போ கொஞ்சம் சேருங்கள். குழம்பு ஊற்றிய மிச்சச் சோறு, காரம், உப்பு வேண்டாம். வெங்காயம், திராட்சை, சாக்லேட் நாய்க்கு விஷம். வேகவைத்த கோழி எலும்பு ஊசி மாதிரி உடைந்து குடலைக் குத்தும், ஞாயிற்றுக்கிழமை மிச்சத்தைப் போடும்போது பார்த்துப் போடுங்கள். சுத்தமான தண்ணீர் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். மத்தியானம் ஷீட் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள்.

நம்ம ஊருக்கு என்றே ஒரு எச்சரிக்கை. வீட்டில் ஓவர்லாக், பேட்லாக் போட்டு ஜாப் ஒர்க் செய்பவர்கள் எலாஸ்டிக் துண்டு, நூல் கண்டு, பட்டன், உடைந்த ஊசி எதையும் கீழே விடாதீர்கள். குட்டிகள் எதையும் மெல்லும். ஒரு முழ எலாஸ்டிக் குடலில் சுற்றிக்கொண்டால் ஆபரேஷன்தான். வேஸ்ட் பனியன் துணியை நல்ல சாக்கில் திணித்து வாயைத் தைத்துவிட்டால் அருமையான மெத்தை. வாரம் ஒருமுறை பிரித்துத் துணியை மாற்றிவிடலாம், துணிக்கு நம்ம ஊரில் என்ன பஞ்சம்!

உடம்புக்கு முடியாவிட்டால் கால்நடை மருந்தகம். கால்நடை அவசரத்துக்கு 1962 என்ற எண் இருக்கிறது, ஆடு மாடு வைத்திருப்பவர்களும் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சகோதரி என்ன செய்தார்?

கடன் கிடைக்கவில்லை. வளர்ப்புப் பிராணியை விலை கொடுத்து வாங்க உள்கடன் இல்லை என்று குழு தீர்மானம் போட்டது. அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான். ஆனால் கூட்டம் அதோடு முடியவில்லை. "நாய் இருந்தா மட்டும் புள்ளைங்களுக்குப் போதுமா கண்ணு?" என்று அந்தப் பாட்டியம்மா கேட்டார். பிஸ்கட் போட்டால் பழகிவிடும் நாயை நம்பி இரண்டு பெண் பிள்ளைகளை விட முடியாது என்பதுதான் எங்கள் கருத்தும். நாய் குரைக்கும், துணையாக இருக்கும். கதவுக்குத் தாழ்ப்பாளும், கூப்பிட்டால் வருகிற ஆளும் அதற்கு மேல் தேவை. அந்தத் தெருவில் இருக்கும் நாலு உறுப்பினர்கள் முறை வைத்துக்கொண்டார்கள். ஓவர்டைம் உள்ள நாட்களில் இரண்டு பிள்ளைகளும் ஒரு உறுப்பினர் வீட்டில் சாப்பிட்டுப் படிக்கும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098-ஐ இரண்டு பிள்ளைகளுக்கும் மனப்பாடம் செய்ய வைத்தார்கள்.

நாயும் வந்தது. டீக்கடைக்குப் பின்னால் போட்டிருந்த குட்டிகளில் ஒன்று, செவலை நிறப் பொட்டைக் குட்டி. பிள்ளைகள் மணி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பொட்டை நாய்க்கு மணியா என்று கேட்டால், "மணிமேகலையச் சுருக்கிட்டோமுங்க மேடம்" என்று பெரியவள் சொல்கிறாள். நாங்கள் போனபோது தையல் மிஷின் பெடலுக்குக் கீழே படுத்துக்கொண்டு எங்களைப் பார்த்து ஒரு தடவை குரைத்துவிட்டு மறுபடி தூங்கிவிட்டது. முதல் ஊசி போட்டாகிவிட்டது. கருத்தடைக்கு நாள் கேட்டிருக்கிறார்கள்.

குழு போட்ட இன்னொரு தீர்மானம்: உறுப்பினருக்கோ அவர் பிள்ளைக்கோ நாய் கடித்தால், நாலு ஊசி நாட்களுக்கும் இழக்கும் கூலியை வட்டியில்லா உள்கடனாக உடனே தருவது, ஆறு மாதத்தில் திருப்புவது. ஊசி நாட்களை ஊக்குநர் நோட்டில் எழுதி முந்தின நாள் போன் செய்து நினைவுபடுத்துவது. மற்ற குழுக்களும் இதைப் பேசித் தீர்மானம் போட்டால் நகலைக் கூட்டமைப்பு அலுவலகத்துக்கு அனுப்பவும்.

அடுத்த மாதக் கூட்டத்துக்கு வரும்போது, நாய் பூனை வளர்ப்பவர்கள் பாஸ்புத்தகத்தோடு அதன் தடுப்பூசி அட்டையையும் எடுத்து வாருங்கள். அட்டை இல்லாதவர்கள் பெயர் கொடுத்தால் எல்லோரையும் சேர்த்து ஒரே நாளில் கால்நடை மருந்தகத்துக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை மருந்தகம் எவ்வளவு நேரம் திறந்திருக்கும் என்று கேட்டு, போகும் நாளைக் குழுவில் சொல்கிறோம்.